கே-என் தொடக்கச் சொற்கள் (ஆங்கிலம்)

கே-என் தொடக்கச் சொற்கள் என்பன, ஆங்கில அகராதிகளில் கே என்னும் எழுத்தின் கீழ், கே, என் ஆகிய இரண்டு எழுத்துகளையும் அடுத்தடுத்து முதலில் கொண்டு வரிசையாக அமையும் சொற்களாகும். கத்தி என்று பொருள்படும் நைஃப், முழங்கால் என்று பொருள்படும் நீ, அறிதல் என்று பொருள்படும் நோ, முடிச்சு என்று பொருள்படும் நாட் ஆகியவை இவற்றுள் அன்றாடம் வழங்குபவை. இச்சொற்களின் முதலில் நிற்கும் கே இன்றைய ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது; ஆனால் ஒலிக்கப்படுவதில்லை. எனினும் அது பிழையாக நுழைந்த எழுத்தும் அன்று, அழகுக்காகச் சேர்த்த எழுத்தும் அன்று. ஏறத்தாழ 17ஆம் நூற்றாண்டு வரை ஆங்கிலேயர் அதனை ஒலித்தே வந்தனர்.

ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவர்க்கு இச்சொற்கள் இருவகையில் இடர் தருகின்றன. கண்ணால் கண்டு படிப்பவர் 'கனைஃப்' என்று பலுக்கிவிடுகின்றார். காதால் கேட்டு அகராதியைத் திறப்பவர் 'நாலெட்ஜ்' என்பதை என் எழுத்தின் கீழ்த் தேடி, அப்படி ஒரு சொல்லே இல்லை என்று மூடிவிடுகின்றார். இரண்டாவது இடரே பெரியது. தவறான பலுக்கலை யாரேனும் திருத்துவர்; தேடிக் கிடைக்காத சொல்லை எவரும் கொண்டுவந்து தருவதில்லை.

இக்கட்டுரையில் 'க்ந' என்று எழுதியிருப்பது, இடையில் உயிரொலி ஏதும் இன்றி ககர மெய்யையும் நகரத்தையும் சேர்த்து ஒலிப்பதைக் குறிக்கும்.

அகராதியில் இடம்

ஆங்கில அகராதியின் கே பகுதி ஒப்பளவில் சிறியது. அதன் பிற்பாதியில், கிளெப்டோமேனியா போன்ற கே-எல் தொடக்கச் சொற்களுக்குப் பின்னும், கோலா என்னும் விலங்கின் பெயர் முதலான கே-ஓ தொடக்கச் சொற்களுக்கு முன்னும் இத்தொகுதி அமைகின்றது. நாக் என்றும் நேக் என்றும் தமிழர் எழுதும், கைத்திறன் அல்லது சூட்சுமம் என்று பொருள்படும் சொல்லில் தொடங்கி, நாப்சாக், நேவ், நீட், நீ, நீல், நெல், நிக்கர்ஸ், நைஃப், நைட், நிட், நாப், நாக், நோல், நாட், நோ, நாலெட்ஜ், நக்கிள் என்று சென்று, உலோகத்தில் சொரசொரப்பு வரி இடுதலைக் குறிக்கும் நர்ல் என்பதில் ஏறத்தாழ முடிவடைகின்றது. அடிப்படைச் சொற்கள் சில பத்துகளே. ஆயினும் அறிவு, முழங்கால், கத்தி, முடிச்சு என்று மொழியின் அடித்தளச் சொற்கள் பல இங்கே ஒரே இடத்தில் குவிந்துள்ளன.

இச்சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது இன்னொரு மயக்கமும் நேர்கின்றது. குமிழைக் குறிக்கும் சொல் பி எழுத்தில் முடிகின்றது. தமிழில் அதனை 'நாப்' என்றுதான் எழுத இயலும். கடிகார மணியோசையில் வரும் வாய் வட்டமான குறில் உயிரொலியையும் நெடில் ஆகாரத்தையும் நாம் ஒன்றாகவே எழுதுகின்றோம். எனவே இங்குத் தரப்பட்டுள்ள தமிழ் வடிவங்கள் வழிகாட்டிகளே. முழுமையான ஒலிக்குறிப்புகள் அல்ல.

ஒலிப்பு வரலாறு

பழைய ஆங்கிலத்தில் இச்சொற்கள் கே எழுத்தில் தொடங்கவில்லை. சி எழுத்தில் தொடங்கின. அக்காலத்தில் சி, ககர ஒலியையே குறித்தது. முழங்கால் 'க்நேஒவ்', சிறுவன் 'க்நிஹ்ட்', முடிச்சு 'க்நொட்டா' என்று வழங்கின. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், பிரெஞ்சு எழுத்து மரபில் பயின்ற எழுத்தர்கள் ஆங்கிலத்தை எழுதத் தொடங்கினர். அவர்கள் பழக்கத்தில் சி எழுத்து ககரத்தையும் சகரத்தையும் குறிக்கும் இரட்டை வேடம் பூண்டது. ஆகவே ககரம் என்பதை ஐயமின்றிக் காட்ட வேண்டிய இடங்களில் கே எழுத்தை இடலாயினர். இன்று குழப்பத்தின் சின்னமாகப் பேசப்படும் இந்தக் கே, தெளிவுக்காகவே கொண்டுவரப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாசர் எழுதிய கேன்டர்பரி கதைகளில் முதற்கதையைச் சொல்பவர் ஒரு நைட், அதாவது குதிரைவீரர். சாசர் காலத்து மக்கள் அச்சொல்லின் கே எழுத்தையும் ஒலித்தனர். இடையில் உள்ள ஜி-எச் எழுத்துகளையும் ஒலித்தனர். பின்னது தொண்டைக்கும் அண்ணத்திற்கும் இடையே காற்று உரசிச் செல்லும் ஒலி. தமிழர்க்கு ஆய்தத்தை நினைவூட்டக் கூடியது. இன்று 'நைட்' என்று சுருங்கிவிட்ட சொல் அன்று 'க்நிஹ்ட்' என்று ஒலித்தது. ஆறு எழுத்துகளில் ஒன்றும் வீணாக இருக்கவில்லை.

வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். அச்சிட்ட நூல்கள் பெருகப் பெருக எழுத்துக்கூட்டல் உறைந்து நிலைபெறத் தொடங்கியது. பேச்சோ தன் போக்கில் மாறிக்கொண்டே சென்றது. 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் ஆங்கில நெடில்கள் அனைத்தும் இடம்பெயர்ந்தன; 'க்நீஃப்' என்றிருந்த கத்தி 'க்நைஃப்' ஆனது. அதன் பின்னரே ககரமும் நழுவியது. 17ஆம் நூற்றாண்டில் தேய்ந்து, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் பொது ஆங்கிலத்தில் அது மறைந்தே போயிற்று. சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் அகராதியை வெளியிட்டபோது, என் எழுத்துக்கு முன் வரும் கே இக்காலப் பலுக்கலில் ஒலியை முற்றிலும் இழந்துவிட்டது என்று குறித்தார். ஆனால் எழுத்தை நீக்க அவரும் முனையவில்லை. அவர் அகராதியே எழுத்துக்கூட்டலை மேலும் இறுக்கியது.

ஆங்கிலத்தின் உறவு மொழிகளில் இந்த ஒலி அழியவில்லை. ஜெர்மன் மொழியில் முழங்கால் இன்றும் 'க்நீ' தான். டச்சு, சுவீடிய மொழிகளிலும் ககரம் தெளிவாகக் கேட்கின்றது. ஆகவே கே-யை விட்டுவிடுவது ஐரோப்பியர் அனைவரின் இயல்பு என்று எண்ணுதல் தவறு.

தமிழின் ஞானமும் ஆங்கிலத்தின் நோ-வும்

இச்சொற்களுள் இரண்டு தமிழ் வாசகர்க்கு நெருங்கிய தொடர்புடையவை. அவை அறிதலைக் குறிக்கும் நோ, முழங்காலைக் குறிக்கும் நீ ஆகியன.

மூல இந்திய-ஐரோப்பிய மொழியில் அறிதலைக் குறித்த வேர்ச்சொல் ககர வகையைச் சேர்ந்த, அதிர்வுடைய ஒலியில் தொடங்கியது. அதனை அடுத்து நகரம் வந்தது. யாக்கோபு கிரிம் 1822இல் விளக்கிய ஒலிமாற்ற விதியின்படி, இந்த அதிர்வொலி செருமானிய மொழிக் குடும்பத்தில் அதிர்வற்ற ககரமாக மாறியது. ஆங்கில நோ இவ்வாறு பிறந்தது. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பழைய ஒலி ஜி எழுத்தாகவே நிலைத்தது. டயக்னோசிஸ் என்னும் நோயறிதல், இக்னரன்ட் என்னும் அறியாமை குறித்த சொல், தாமஸ் ஹக்ஸ்லி 1869இல் உருவாக்கிய அக்னாஸ்டிக் என்னும் சொல் ஆகியன அவ்வழி வந்தவை. சமற்கிருதத்தில் அதே வேர் ஜகரமும் ஞகரமும் இணைந்த கூட்டொலியில் தொடங்குகின்றது. அதிலிருந்து தமிழ் எடுத்துக்கொண்ட சொல்லே ஞானம்.

தனி மெய் சொல்லுக்கு முதலில் வாராது என்பது தொல்காப்பியமும் நன்னூலும் கூறும் இலக்கணம். எனவே மெய்ம்மயக்கத்தில் தொடங்கும் வேற்றுமொழிச் சொல் தமிழுக்குள் வரும்போது ஏதேனும் ஒரு வழியில் உருமாற வேண்டியுள்ளது. ஒரு வழி, இடையில் ஓர் உயிரொலியை நுழைப்பது: ஸ்நேகம் என்பது சிநேகம் ஆனது இவ்வாறே. மற்றொரு வழி, முதல் மெய்யைக் கைவிடுவது. ஞானத்தில் தமிழ் இரண்டாம் வழியைத் தேர்ந்தது. ஜகரத்தை விட்டு மூக்கொலியை மட்டும் வைத்துக்கொண்டது. ஞா என்பது தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வரத்தக்க எழுத்தாக இருந்ததும் இதற்கு வாய்ப்பாயிற்று. ஆங்கிலம் நோ என்பதில் செய்ததும் இதுவே. ஒரே வேரிலிருந்து வந்த இரு சொற்கள், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழிகளில், தம் முதல் மெய்யை இழந்து மூக்கொலியில் தொடங்குகின்றன. வேறுபாடு ஒன்றே: தமிழ் ஒலிப்பதை மட்டும் எழுதியது, ஆங்கிலம் இழந்ததையும் சேர்த்து எழுதுகின்றது.

முழங்காலின் கதையும் ஒத்ததே. இலத்தீனில் கெனு, கிரேக்கத்தில் கொனு, சமற்கிருதத்தில் ஜானு. உயர்ந்து வளர்ந்த உடற்கட்டுடையவரைத் தமிழில் 'ஆஜானுபாகு' என்கின்றோம். முழங்கால் வரை நீண்ட கைகளை உடையவர் என்பதே இதன் நேர்ப்பொருள். இத்தொடரின் நடுவில் உள்ள ஜானுவும் ஆங்கில நீ-யும் ஒருவேர்ச் சொற்கள். முழந்தாளிடுதலைக் குறிக்கும் நீல் என்னும் வினைச்சொல் ஆங்கிலத்தில் இதனின்று பிறந்தது. முன்னிலைச் சுட்டான தமிழ் 'நீ'க்கும் இதற்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஒலி மட்டுமே ஒன்று.

உயர்ந்த பையனும் தாழ்ந்த பையனும்

பொருள் மாற்றத்தைக் கற்போர் முதலில் நோக்க வேண்டியவை நேவ், நைட் என்னும் இரு சொற்களாகும். அகராதியில் அருகருகே உள்ள இவ்விரண்டும் பழைய ஆங்கிலத்தில் ஏறத்தாழ ஒரே பொருளைத் தந்தன: பையன்.

பையன் என்பது பணியாள் என்னும் பொருளுக்கு எளிதில் நகரக் கூடிய சொல். இரண்டு சொற்களும் அவ்வாறே நகர்ந்தன. அதன் பின் பாதைகள் பிரிந்தன. நைட் என்பவன் அரசனுக்கோ பிரபுவுக்கோ குதிரையேறிப் போர்ப்பணி செய்பவன் ஆனான்; பின்னர் வீரன்; பின்னர் அரசால் சிறப்பிக்கப்பட்ட உயர்குடியினன். பிரித்தானிய அரசு வழங்கும் 'சர்' பட்டத்திற்கு உரிய நிலை இதுவே. சந்திரசேகர வெங்கட ராமன் 1929இல் இப்பட்டம் பெற்றார். இரவீந்திரநாத் தாகூர் 1915இல் பெற்று, ஜாலியன்வாலா பாக் படுகொலையைக் கண்டித்து 1919இல் துறந்தார். நேவ் என்பவனோ வீட்டு வேலையாளாகவே இருந்து, பின்னர் நம்பத்தகாதவன், போக்கிரி என்று இழிந்தான்.

ஜெர்மன் மொழியில் பார்த்தால் நிலைமை தலைகீழ். நேவ் என்பதன் இணையான 'க்நாபெ' அங்கே கறைபடாத பையனாகவே உள்ளான். நைட் என்பதன் இணையான 'க்நெஷ்ட்' பண்ணையாள் அல்லது ஏவலாள் என்ற நிலையைத் தாண்டவில்லை. சொல்லுக்குள் உயர்வும் தாழ்வும் இயல்பாக இருப்பதில்லை. அச்சொல்லைப் பெற்றவர்களுக்குச் சமூகம் தந்த இடமே அதன் பொருளாகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சீட்டாட்டத்தில் நாம் ஜாக்கி என்னும் சீட்டிற்குப் பழைய பெயர் நேவ். சார்லஸ் டிக்கின்ஸ் 1860-61இல் எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' புதினத்தில், அச்சீட்டை ஜாக் என்று அழைக்கும் ஏழைச் சிறுவன் பிப்பை எஸ்டெல்லா எள்ளி நகையாடுகிறாள்; அக்காலத்தில் ஜாக் என்பது நாகரிகமற்றோர் வழக்கு. பின்னர்ச் சீட்டின் மூலையில் எழுத்து அச்சிடும் வழக்கம் பரவியபோது, நேவின் கே-என், ராஜாவின் கே உடன் குழம்பியது. ஜாக்கின் ஜே வென்றது.

சதுரங்கத்திலும் இதே மோதல் நேர்ந்தது. குதிரைக்கு ஆங்கிலத்தில் நைட் என்று பெயர். கே எழுத்தை ராஜா எடுத்துக்கொண்டதால், பழைய ஆங்கில நூல்கள் குதிரையைக் கே-டி என்று குறித்தன. இன்றைய இயற்கணிதக் குறிப்பு முறையில் குதிரைக்கு என் எழுத்து. எழுத்துக்கூட்டலின் முதலெழுத்தை விடுத்து ஒலியின் முதலெழுத்தை எடுத்துக்கொண்ட அரிய இடம் இது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1981 முதல் இக்குறிப்பு முறையை மட்டுமே ஏற்கின்றது.

திரண்டு புடைத்தவை

இத்தொகுதியில் ஒரு பொருட்கூட்டம் கண்ணில் படும். நாப் என்பது குமிழ். நோல் என்பது சிறு குன்று. நாட் என்பது முடிச்சு. நக்கிள் என்பது விரல் கணு. நர்ல் என்பது சிறு முண்டு. எல்லாம் உருண்டு, திரண்டு, புடைத்து நிற்பவை. ஒரே தொடக்க ஒலியைச் சுற்றி ஒத்த பொருளுடைய சொற்கள் இவ்வாறு சேர்வதை மொழியியலாளர் பல மொழிகளில் கண்டுள்ளனர். தமிழில் இவற்றிற்கு நிகரான முடிச்சு, மூட்டு, முண்டு, முழங்கால், முகடு ஆகியவை முகர வரிசையில் தொடங்குவதையும் மாணவர் எண்ணிப் பார்க்கலாம்.

நோல் என்னும் சொல் 1963 நவம்பர் 22 அன்று உலகெங்கும் பரவியது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி டாலஸ் நகரில் சுடப்பட்ட இடத்தின் அருகில் இருந்த புல்மேட்டைக் குறிக்க இச்சொல்லே வழங்கப்பட்டது. நக்கிள் என்பதன் பன்மையை இலங்கையர் ஒரு மலைத்தொடரின் பெயராக அறிவர். மடக்கிய கையின் விரற்கணுக்கள் போலச் சிகரங்கள் தோன்றியமையால் பிரித்தானிய நில அளவையாளர் நக்கிள்ஸ் என்று பெயரிட்டனர்; சிங்களத்தில் தும்பறை மலைத்தொடர் என்பர். இது 2010இல் யுனெஸ்கோ உலக மரபுக் களமாக அறிவிக்கப்பட்ட இலங்கை மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாகும். பொறியியல் மாணவர்க்கு நக்கிள் என்றதும் எந்திர வரைபட வகுப்பின் நக்கிள் ஜாயின்ட் நினைவுக்கு வரும். லேத் பட்டறையில் இடும் நர்லிங்கும் இத்தொகுதியைச் சேர்ந்ததே என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பட்டறையில் அச்சொல்லைக் கேட்போர் மிகுதி, எழுதிப் பார்ப்போர் குறைவு.

நாட் என்பது கப்பலின் வேக அலகும் ஆகும். மாலுமிகள் ஒரு மரப்பலகையைக் கயிற்றில் கட்டிக் கடலில் விடுவர். கயிற்றில் ஏறத்தாழ 47 அடி 3 அங்குலத்திற்கு ஒரு முடிச்சு இருக்கும். 28 நொடி ஓடும் மணற்கடிகை தீர்வதற்குள் கைவழியே ஓடிய முடிச்சுகளின் எண்ணிக்கையே கப்பலின் வேகம். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் காற்றின் வேகம் 34 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 63 கி.மீ. அளவை எட்டும்போது தாழ்வு மண்டலம் புயல் எனப்படுகின்றது. 'மணிக்கு 34 நாட்' என்று எழுதுவது பிழை; மணிக்கு என்பது அலகிலேயே அடங்கியுள்ளது.

நிட் என்னும் பின்னுதலும் நாட்டின் உறவே. முதலில் அது முடிச்சிடுதலைக் குறித்தது.

தட்டும் ஓசை

கதவைத் தட்டுதலைக் குறிக்கும் நாக், சாவு மணியைக் குறிக்கும் நெல் ஆகியவை ஓசையைப் போலச் செய்து பிறந்த சொற்கள். முதலில் ககரம், முடிவில் ககரம் என்று 'க்நொக்' என ஒலித்தபோது நாக் உண்மையிலேயே கதவு தட்டும் ஓசையாக இருந்தது. முதற் ககரம் போனபின் ஓசையில் பாதிதான் எஞ்சியுள்ளது. தமிழ் இரட்டைக்கிளவியான 'டக் டக்' இவ்வகையில் நற்பேறு பெற்றது. நாக் அவுட் சுற்று என்று விளையாட்டுச் செய்திகளில் வருவது இச்சொல்லே.

கடன் வந்தவை

நைஃப் பழைய நோர்சு மொழியிலிருந்து, வைக்கிங்குகள் வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. பன்மையில் எஃப் எழுத்து வி ஆகி 'நைவ்ஸ்' என்றாகும். முதுகுப்பையைக் குறிக்கும் நாப்சாக், தாழ்நில ஜெர்மன், டச்சு மொழிப் பகுதியிலிருந்து வந்தது.

நிக்கர்ஸ் என்பதன் வரலாறு வேடிக்கையானது. வாஷிங்டன் இர்விங் 1809இல் நியூயார்க்கின் வரலாறு என்ற நையாண்டி நூலை டீட்ரிக் நிக்கர்பாக்கர் என்னும் டச்சுப் பெயரில் வெளியிட்டார். நியூயார்க்கின் டச்சு வழியினர்க்கு அப்பெயரே அடையாளமாயிற்று. அவர்கள் அணிந்ததாகப் படங்களில் காட்டப்பட்ட, முழங்கால் வரையிலான தொளதொளத்த காற்சட்டைக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டில் சிறுவர் அணியும் அரைக்காற்சட்டையை நிக்கர் என்பது இப்பொருளின் தொடர்ச்சியே. பிரித்தானியாவில் இன்று இச்சொல் பெண்களின் உள்ளாடையை மட்டுமே குறிக்கும். அங்குச் செல்லும் மாணவர் இதனை அறிந்திருப்பது நன்று.

ஒன்றாக ஒலிக்கும் சொற்கள்

கே ஒலியிழந்ததன் விளைவாக, வேறு வேறாக ஒலித்த பல சொற்கள் ஒன்றாகிவிட்டன. குதிரைவீரனும் இரவும் நைட். முடிச்சும் 'அல்ல' என்பதும் நாட். அறிதலும் இல்லை என்பதும் நோ. மாவு பிசைதலும் தேவையும் நீட். பின்னுதலும் பேன் முட்டையான ஈரும் நிட். போக்கிரியும் தேவாலய நடுக்கூடமும் நேவ். அறிந்தான் என்பதும் புதிய என்பதும் பிரித்தானியப் பலுக்கலில் 'நியூ', அமெரிக்கப் பலுக்கலில் 'நூ'.

பேச்சில் சூழலே பொருளைக் காட்டும். எழுத்தில் கே அப்பணியைச் செய்கின்றது. அறிதல், இல்லை என்னும் இரண்டும் ஆங்கிலத்தில் அடிக்கடி வருபவை; இரண்டையும் ஒரே எழுத்துகளால் எழுதினால் படிப்போர் தடுமாறுவர். எழுத்துச் சீர்திருத்தம் வேண்டுவோர் ஒலியா எழுத்தை நீக்கச் சொல்வது எளிது. ஆனால் இத்தொகுதியில் அந்த எழுத்து முற்றிலும் பயனற்றது என்று சொல்ல இயலாது.

உயிரொலியிலும் ஒரு கண்ணி உள்ளது. அறிதலைக் குறிக்கும் வினை 'நோ' என்று ஒலிக்க, அறிவைக் குறிக்கும் பெயர் 'நோலெட்ஜ்' என்று நெடிலாக ஒலிப்பதில்லை. 'நாலெட்ஜ்' என்று முதல் உயிர் குறுகி ஒலிக்கின்றது.

கே ஒலிக்கும் இடங்கள்

சொல்லின் நடுவில் வந்தாலும் கே பெரும்பாலும் ஒலிப்பதில்லை. அறியப்படாத என்று பொருள்படும் சொல் 'அன்நோன்' என்றே ஒலிக்கும். ஒரு சொல் மட்டும் மாறுபடுகின்றது: ஒப்புக்கொள்ளுதலைக் குறிக்கும் 'அக்நாலெட்ஜ்'. இங்கே கே எழுத்துக்கு முன் ஒரு சி உள்ளது. அசை பிரியும்போது ககரம் முன் அசையின் இறுதியில் சேர்ந்துவிடுவதால் தப்பிப் பிழைத்தது. சொல்லின் முதலில் இரு மெய் சேர்ந்து வருவதே ஆங்கில நாவுக்குத் தடையாயிற்று. நடுவில் அசை பிரித்து வந்தால் தடையில்லை.

18ஆம் நூற்றாண்டிற்குப் பின் வந்த அயற்பெயர்களில் ககரம் ஒலிப்பதுண்டு. 1949இல் முதன்முறை கூடிய இசுரேல் நாடாளுமன்றத்தின் பெயர் 'க்நெசெட்'. கணினியியல் அறிஞர் டொனால்ட் க்நூத்தின் பெயரும் இவ்வகையினதே. 1968இல் முதல் தொகுதி வெளிவந்த 'ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' நூலின் ஆசிரியரான இவரை இந்தியக் கல்லூரிகளில் பலர் 'நூத்' என்கின்றனர். அவரே தம் பெயரைக் 'க-நூத்' என்று, இடையில் சிறிய அகர ஒலி சேர்த்துப் பலுக்க வேண்டும் என்கிறார். 1016 முதல் 1035 வரை இங்கிலாந்தை ஆண்ட டேனிய மன்னன் க்நூட் பெயரும் ஆங்கிலத்தில் கன்யூட் என்று உயிரொலி பெற்றது. சிநேகத்தில் தமிழ் செய்தது போலவே. மாறாக நாக்ஸ், நோல்ஸ் போன்ற பழைய பிரித்தானியக் குடும்பப் பெயர்களில் கே ஒலிப்பதில்லை.

1975இல் வெளிவந்த மான்டி பைத்தானின் 'ஹோலி கிரெயில்' திரைப்படத்தில், பிரெஞ்சுக் காவலன் ஒருவன் நைட் என்னும் சொல்லின் எழுத்துகளை எல்லாம் ஒலித்து ஆங்கிலேயரைக் கேலி செய்வான். திரையரங்கில் சிரிப்பை எழுப்பிய அந்தப் பலுக்கல், சாசரின் பலுக்கலுக்கு நம்முடையதை விட நெருக்கமானது.

ஜி-என் தொடக்கம்

கே-என் போன்றே ஜி-என் தொடக்கச் சொற்களிலும் முதலெழுத்து ஒலிக்காது. கொறித்தலைக் குறிக்கும் 'நா', சிறு பூச்சியைக் குறிக்கும் 'நாட்', ஆப்பிரிக்க மான் வகையைக் குறிக்கும் 'நூ' ஆகியவை எடுத்துக்காட்டுகள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த கட்டற்ற மென்பொருள் திட்டத்திற்கு இம்மானின் பெயரே அமைந்தது. ஆனால் புதிய என்னும் சொல்லோடு குழம்பாதிருக்க, அத்திட்டத்தின் பெயரை மட்டும் 'க்நூ' என்று ஒரே அசையாக ஒலிக்க வேண்டும் என்று வேண்டப்படுகின்றது.

கணினித் தேடலில்

ஒலியால் ஒத்த பெயர்களைக் கண்டறியும் சவுண்டெக்ஸ் முறை 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. இது பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, எஞ்சிய மெய்களுக்கு எண் தருகின்றது. இதன்படி குதிரைவீரனின் நைட் கே-523. இரவின் நைட் என்-230. ஒன்றாக ஒலிக்கும் இரண்டும் தேடலில் ஒன்று சேர்வதில்லை. காதால் கேட்டு அகராதியைத் திறக்கும் மாணவரின் இடர் இங்கே எந்திரத்திற்கும் நேர்கின்றது. லாரன்ஸ் பிலிப்ஸ் 1990இல் வெளியிட்ட மெட்டாஃபோன் முறை, சொல்லின் தொடக்கத்தில் கே-என், ஜி-என், பி-என், டபிள்யூ-ஆர் ஆகியவை வந்தால் முதலெழுத்தை நீக்கிவிடுகின்றது. அகராதியில் நகர ஒலிச் சொல் ஒன்று என் பகுதியில் கிடைக்காதபோது கே-என் பகுதியிலும், அங்கும் இல்லையெனில் ஜி-என், பி-என் பகுதிகளிலும் பார்க்க வேண்டும். நிமோனியா பி-என் பகுதியில்தான் உள்ளது.

ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்ட சுருக்கெழுத்து முறை ஒலியை மட்டுமே எழுதுவது. தட்டச்சுப் பயிலகங்களில் இதனைக் கற்போர் முழங்காலையும் கத்தியையும் நகரக் கோட்டில் தொடங்கியே எழுதுகின்றனர்; பின்னர்த் தட்டச்சு செய்யும்போது கே எழுத்தை நினைவிலிருந்து சேர்க்க வேண்டியிருக்கும்.